முட்டையின் வெப்பமும் பெட்டியின் வெப்பமும்

கோழி முட்டைகளைப் பொரிக்க வைக்கும் இன்குபேட்டரின் முகப்பில் 37.6 டிகிரி செல்சியஸ் என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்த எண்ணை நம்பித்தான் முதல் மூன்று முறையும் அடை வைத்தேன். முதல் இரண்டு முறை பாதித் தட்டுகளே நிரம்பியிருந்ததால் குறை எதுவும் தென்படவில்லை. மூன்றாம் முறை எல்லாத் தட்டுகளையும் நிரப்பினேன். 21ஆம் நாள் வெளிவர வேண்டிய குஞ்சுகள் 19ஆம் நாள் மாலையிலேயே ஓட்டைக் கொத்தத் தொடங்கின. மறுநாள் நண்பகலுக்குள் பொரிப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. இவ்வளவு விரைவில் பொரித்துவிட்டனவே என்று உள்ளுக்குள் பெருமைதான் பட்டேன். பெட்டியைத் திறந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்த பிறகுதான் பெருமை வடிந்தது. தூவி குட்டையாகவும் வெளிறியும் இருந்தது. காலின் நடுவில் பின்னோக்கி மடங்கும் மூட்டு, சூடு பட்டது போலச் சிவந்திருந்தது. வயிற்றைத் திருப்பிப் பார்த்தபோது தொப்புள் மூடாமல், காய்ந்த நூலொன்று அதிலிருந்து தொங்கியது. தட்டில் மீதமிருந்த முட்டைகளை உடைத்துப் பார்த்ததில், முழுமையாக வளர்ந்த குஞ்சுகள் பல, அலகு காற்றறையைத் தொட்ட நிலையிலேயே இறந்து கிடந்தன.

இவை யாவும் அதிக வெப்பத்தின் அடையாளங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. கருவி அத்தனை நாட்களும் 37.6 என்றே காட்டியிருக்க, அதிக வெப்பம் எங்கிருந்து வந்தது? தெர்மாமீட்டரைப் பனிக்கட்டி நீரில் வைத்துச் சோதித்தேன், பூச்சியத்தையே காட்டியது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டேன், வேறுபாடு இல்லை. கருவி பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது காற்றின் வெப்பத்தைச் சொன்னது. நான் அதை முட்டையின் வெப்பம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, முட்டையின் இடுப்புப் பகுதியில், காற்றறையிலிருந்து விலகிய இடமாகப் பார்த்து அளந்தேன். காற்றறை இருக்கும் பருத்த முனையில் அளந்தால் அளவு குறைவாக வரும். 5ஆம் நாள் காற்றின் வெப்பமும் ஓட்டின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. 17ஆம் நாள் அதே பெட்டியில், அதே 37.6இல், நடுத்தட்டின் முட்டையொன்று 39.1 காட்டியது. கை நடுக்கமோ என்று இன்னொரு முட்டையில் அளந்தேன், 38.9. விசிறிக்கு அருகிலிருந்த ஓர முட்டைகள் 38.2. அவற்றுக்கு நடுவே கருவில்லாத கூமுட்டை ஒன்று தப்பித்தவறி இருந்தது. அது மட்டும் 37.5இல் குளிர்ந்து கிடந்தது. இரண்டு முட்டைகளையும் ஒரே நேரத்தில் இரு கைகளில் எடுத்தேன். ஒன்று வெறும் கல். மற்றொன்று காய்ச்சல்காரரின் நெற்றி. அதுவரை படித்தும் மனத்தில் பதியாதது அந்தக் கணத்தில் கைக்கு விளங்கியது.

அடைகாப்பின் முதல் வாரத்தில் கரு மிகச் சிறியது. அது உண்டாக்கும் வெப்பம் பொருட்படுத்தத் தக்கதன்று. ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாவதால் முட்டை காற்றைவிடச் சற்றுக் குளிர்ந்துகூட இருக்கும். அந்நாட்களில் முட்டை வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் பொருள். சுமார் 9ஆம் நாளை ஒட்டி நிலைமை தலைகீழாகிறது. கரு வளர்ந்து, மஞ்சள் கருவின் கொழுப்பை எரித்து, தானே சூட்டை உண்டாக்கத் தொடங்குகிறது. கடைசி வாரத்தில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் முட்டை காற்றைவிட 1 முதல் 2 டிகிரி வரை அதிகமாகிவிடும். அப்போது இன்குபேட்டரின் வேலை சூடேற்றுவதாக இல்லாமல் குளிர்விப்பதாக மாறிவிடுகிறது. ஒரே வயதுடைய முட்டைகளை மொத்தமாக வைக்கும் பெரிய பொரிப்பகங்களில், காற்றின் வெப்பத்தைத் தொடக்கத்தில் 38ஐ ஒட்டி வைத்து, இறுதி நாட்களில் 37க்கும் கீழே படிப்படியாக இறக்குவது இதனால்தான். பல வயது முட்டைகளைக் கலந்து வைக்கும் பழைய முறையில், முதிர்ந்த முட்டைகள் விடும் சூட்டை இளம் முட்டைகள் வாங்கிக்கொள்ளும். அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் இரு வயதினருக்கும் சரியான வெப்பம் ஒருபோதும் அமையாது.

ஓட்டின் வெப்பம் தொடக்கம் முதல் இறுதிவரை 37.8 டிகிரியை ஒட்டி நிலைத்திருக்கும்போது பொரிப்பு விகிதமும் குஞ்சின் தரமும் சிறப்பாக அமைகின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்தி. தெர்மாமீட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, எகிப்தின் செங்கல் பொரிப்பு அடுப்புகளில் வேலை செய்தவர்கள் முட்டையை எடுத்துக் கண்ணிமையின் மேல் வைத்துச் சூட்டைக் கணித்தார்கள். அவர்கள் அளந்தது அறையின் சூட்டையன்று, முட்டையின் சூட்டை. நான் மூன்று அடைகளுக்குப் பிறகு கற்றது அவர்களுக்கு அன்றாட வேலையாக இருந்திருக்கிறது.

அதிக வெப்பம் கருவுக்குள் என்னதான் செய்கிறது? வெப்பம் கூடினால் வளர்ச்சி விரைவாகும் என்பது பாதி உண்மை. முதல் வாரத்தில் அப்படித்தான் நடக்கிறது. சற்றே கூடுதலான வெப்பத்தில் கரு வேகமாக வளரும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் குறையாது. கடைசி வாரத்தில் கணக்கு மாறிவிடுகிறது. ஓட்டின் நுண்துளைகளின் எண்ணிக்கை முட்டையிட்ட அன்றே முடிவான ஒன்று. குஞ்சு வளர்ந்தது என்பதற்காக ஓடு கூடுதல் துளைகளைத் திறந்துவிடாது. எனவே 17, 18ஆம் நாட்களில் உள்ளே போகும் ஆக்சிஜன் ஏறக்குறைய உச்ச வரம்பைத் தொட்டு நிற்கிறது. அந்த நேரத்தில் வெப்பமும் ஏறினால், உடலின் தேவை கூடுகிறது, வரத்து கூடுவதில்லை. ஆக்சிஜன் போதாதபோது கொழுப்பை எரிக்க முடியாது. ஆகவே கரு, ஓட்டை உடைக்கும் கடும் உழைப்புக்காகக் கல்லீரலில் சேமித்து வைத்திருந்த கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தைச் செலவழிக்கிறது. அதுவும் தீர்ந்தால் தசையின் புரதத்தையே கரைக்கிறது. மஞ்சள் கரு பயன்படாமல் எஞ்சுகிறது. விளைவாக, எடை போட்டால் குறையில்லாதது போலத் தோன்றினாலும், வயிற்றுக்குள் பெரிய மஞ்சள் கருப் பையும் அதைச் சுற்றிச் சிறிய உடலுமாக ஒரு குஞ்சு வெளிவருகிறது. மஞ்சள் கருப் பை உடலுக்குள் முழுமையாக இழுக்கப்படாமலேயே பொரிப்பு நடந்துவிடுவதால் தொப்புளும் மூடுவதில்லை. அந்தத் திறந்த வாசல் வழியே கிருமிகள் புகுந்து முதல் வாரத்திலேயே பல குஞ்சுகள் மடிகின்றன.

இவற்றையெல்லாம்விட எனக்கு அச்சம் தருவது இதயத்தைப் பற்றிய செய்தி. கடைசி வாரத்தில் ஓட்டின் வெப்பம் 38.9 டிகிரியாக இருந்த முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளின் இதயம், 37.8இல் இருந்தவற்றின் இதயத்தைவிட எடை குறைந்திருக்கிறது. ஏறத்தாழ ஒரே ஒரு டிகிரி வேறுபாடு. விரைந்து எடை கூடும் கறிக்கோழிகளில் இந்தச் சிறிய இதயத்தால் பின்னாளில் உடலின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வயிற்றில் நீர் கோத்து இறப்பவை கூடுகின்றன. அடைப்பெட்டியில் நடந்த தவறு, பல வாரங்கள் கழித்துக் கொட்டகையில் வேறு நோயாக வெளிப்படும்போது, இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

குறைந்த வெப்பம் இந்த அளவுக்குக் கொடுமையானதன்று. பொரிப்பு தாமதமாகும், குஞ்சுகள் பெரிய மெத்தென்ற வயிற்றோடும் தளர்ந்த கால்களோடும் வரும், நீண்டகாலக் குளிர்ச்சி என்றால் இறப்பும் நேரும். ஆனால் அடைக்கோழியே நாளுக்கொரு முறை இரை தேட எழுந்து போகத்தான் செய்கிறது. அந்தக் கால் மணி நேரக் குளிர்ச்சியைக் கரு எளிதில் தாங்கிக்கொள்கிறது. மின்சாரம் போனால் பதறுகிறவர்கள், வெப்பம் அரை நாள் ஏறியே கிடந்தால் கவலைப்படுவதில்லை. பதற வேண்டியது பின்னதற்கு.

இனி, என்னைப் பல மாதங்கள் குழப்பிய பகுதிக்கு வருகிறேன். அதிக வெப்பம் இத்தனை கேடு செய்யும் என்றால், அடைகாப்பின்போது வேண்டுமென்றே வெப்பத்தை ஏற்றி, வெயிலைத் தாங்கும் கோழிகளை உருவாக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வது எப்படிப் பொருந்தும்?

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி. சூழலின் வெப்பம் ஏறும்போது இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி, கொண்டைக்கும் தாடைக்கும் கால்களுக்கும் இரத்தத்தை அதிகம் செலுத்தி வெப்பத்தைக் கடத்திவிடப் பார்க்கும். அது போதாதபோது அலகைத் திறந்து இரைக்கும். இரைப்பதற்கும் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பே மேலும் சூட்டை உண்டாக்கும். கூடவே கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை ஏறும். ஆகவே வெப்பத்தைத் தாங்கும் கோழி என்பது அதிகம் இரைக்கும் கோழியன்று. ஓய்வில் இருக்கும்போதே குறைவாகச் சூட்டை உண்டாக்குவதும், இரைக்காமலேயே தோல் வழியாக அதை வெளியேற்றத் தெரிந்ததுமான கோழிதான் தாங்கும்.

இந்த இரண்டு குணங்களும் எந்த நாட்களில் உருவாகின்றன என்ற கேள்வியை இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு நிறுவனத்தில் ஷ்லோமோ யஹாவும் அவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். உடலின் அடுப்பை எரியவிடுவது தைராய்டு; அழுத்தத்துக்கு எதிர்வினை காட்டுவது அட்ரீனல் சுரப்பி; இரண்டையும் மூளையிலிருந்து இயக்குவது ஹைப்போதலாமஸ். இந்த இணைப்புகள் கருவில் 7 முதல் 16ஆம் நாள் வரையிலான காலத்தில் உருவாகி இயங்கத் தொடங்குகின்றன. எனவே அந்த நாட்களில் மட்டும், நாள்தோறும் 12 மணி நேரம், வெப்பத்தை 39.5 டிகிரியாகவும் ஈரப்பதத்தை 65 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். மீதி 12 மணி நேரம் வழக்கமான 37.8. அப்படிப் பொரித்த கறிக்கோழிக் குஞ்சுகளின் உடல் வெப்பமும் தைராய்டு ஹார்மோன் அளவும் மற்றவற்றைவிடக் குறைவாக இருந்தன. வளர்ந்த பிறகு கடும் வெப்பத்துக்கு உட்படுத்தியபோது, சேவல்கள் மேலாகத் தாங்கின. அதே 39.5 டிகிரியை அதே நாட்களில் 24 மணி நேரமும் விடாமல் கொடுத்தபோது பொரிப்பு விகிதம் சரிந்தது.

அந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வெப்பத்தின் அளவு மாறவில்லை, நாட்கள் மாறவில்லை. ஓய்வு மட்டும் பறிபோனது. பயிற்சிக்கும் சித்திரவதைக்கும் இடையே நின்றது அந்த 12 மணி நேரம். என் மூன்றாம் அடையில் நடந்ததும் இந்தக் கண்ணோட்டத்தில் தெளிவாகிறது: என் முட்டைகளுக்கு வெப்பம் வந்தது தவறான வாரத்தில், ஆக்சிஜன் வரம்பைத் தொட்ட பிறகு, இரவும் பகலும் இடைவிடாமல். அதனால் அவை எதற்கும் பழகவில்லை, வெந்தன.

இதைப் படித்துவிட்டு, என்னுடைய சிறு பெட்டியில் 39.5 டிகிரியை முயன்று பார்க்கலாமா என்று யோசித்தேன், வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஒரே பெட்டிக்குள் இடத்துக்கு இடம் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபடும்போது, நான் 39.5 என்று வைத்தால் ஏதோ ஒரு மூலை 40.5 ஆகிவிடும். இனத்துக்கு இனம், தாய்க்கோழியின் வயதுக்கு வயது, பலன் மாறுவதாகவும் சில இடங்களில் பொரிப்பே குறைந்ததாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. ஓட்டின் வெப்பத்தைத் தொடர்ந்து அளந்து கட்டுப்படுத்தும் கருவி இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பொரித்த பிறகும் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அது என்னைப் போன்றவர்களின் கைக்கு எட்டக்கூடியது. குஞ்சு பிறந்தவுடன் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. அந்தத் திறன் முழுமை பெற இரண்டு வாரங்கள் ஆகும். முதிர்ச்சி நடந்துகொண்டிருக்கும் 3ஆம் நாளை ஒட்டி, 36 முதல் 38 டிகிரிக்குள் ஒரு நாள் முழுவதும் வைத்தால், அந்த அனுபவம் வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்கிறது. நினைவு என்பது இங்கு உவமையன்று. ஹைப்போதலாமஸில் நரம்பு வளர்ச்சிக்கு உதவும் ஒரு புரதத்தின் மரபணுவுக்கருகே ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் என்னும் வேதிக் குறிகள் மாறுகின்றன. மரபணுவின் எழுத்து மாறாமல், அதை வாசிக்கும் விதம் மாறிவிடுகிறது. இங்கும் அளவு முக்கியம். மிதமான சூடு தாங்கும் ஆற்றலைத் தருகிறது. கடுமையான சூடு அதே கோழியைப் பின்னாளில் வெப்பத்தைக் கண்டு எளிதில் தடுமாறுவதாக ஆக்கிவிடுகிறது.

இதைச் சென்ற முறை செய்து பார்த்தேன். குஞ்சுகளைச் சூடாக வைத்திருக்கும் புரூடரில் 36.5 டிகிரி, தாராளமாகத் தண்ணீர், அருகில் நாற்காலி போட்டு நானும் அமர்ந்துவிட்டேன். முதல் ஒரு மணி நேரம் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று விலகி ஓரங்களுக்குப் போயின. பிறகு ஒவ்வொன்றாக இறக்கைகளைத் தாழ்த்தி விரித்து, அலகைத் திறந்து, தொண்டை துடிக்க இரைத்தன. தண்ணீரில் அலகை வைத்துக்கொண்டே சில கண்ணை மூடின. மாலைக்குள் இரைப்பு தணிந்து, கால்களை நீட்டிப் பக்கவாட்டில் படுத்துவிட்டன. அடுத்த மூன்று நாட்கள் தீவனம் சற்றுக் குறைவாகவே எடுத்தன, பிறகு ஈடுகட்டிவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குஞ்சுகளை நான் தனியே வைக்கவில்லை. எனவே இதை நிரூபணமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவே.

இந்தப் பயிற்சியைக் காட்டுப் பறவைகள் நமக்கு முன்பே அறிந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபிஞ்ச் என்னும் சிறு பறவை, அடைகாப்பின் இறுதி நாட்களில் சூழல் வெப்பம் 26 டிகிரியைத் தாண்டினால், முட்டையை நோக்கித் தனியானதொரு குரல் எழுப்புகிறது. அந்தக் குரலை ஓட்டுக்குள்ளிருந்து கேட்ட குஞ்சுகள், சூடான கூட்டில் எடை குறைவாகவே வளர்கின்றன. சிறிய உடல் வெப்பத்தை எளிதில் இழக்கும் அல்லவா? 2016இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குச் சற்றுச் சிரிப்பும் வந்தது. வெப்பத்தை ஏற்றி நாம் படாதபாடு படும் காரியத்தை, அந்தப் பறவை வாயால் சொல்லியே முடித்துவிடுகிறது. மறுபுறம், மர வாத்து (wood duck) எனப்படும் வட அமெரிக்க வாத்தில், 35 டிகிரியில் அடைகாக்கப்பட்ட குஞ்சுகள் அதைவிட ஓரிரு டிகிரி கூடுதலில் வந்தவற்றைவிட வளர்ச்சியிலும் நோய் எதிர்ப்பிலும் பின்தங்கின. குளிரில் உடல் வெப்பத்தைக் காக்கவும் திணறின.

இடையே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடிக்கடி கேட்கிறார்கள். வெப்பத்தை மாற்றிப் பெட்டைக் குஞ்சுகளை அதிகம் பெற முடியாது. முதலையிலும் பல ஆமைகளிலும் வெப்பம் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. கோழியில் அதைத் தாயின் குரோமோசோம் முட்டை உருவாகும்போதே தீர்மானித்துவிடுகிறது.

இன்னொரு தவறும் நான் செய்துகொண்டிருந்தது: அடை வைக்கும் முன் முட்டைகளைச் சேர்த்துவைக்கும் இடத்தின் வெப்பம். முட்டையிடப்பட்ட நேரத்திலேயே கருவில் பல்லாயிரம் செல்கள் இருக்கின்றன. சுமார் 20 டிகிரிக்குக் கீழே அவை உறங்கும். அதற்கு மேலே போனால் அரைகுறையாக விழித்து, ஒழுங்கில்லாமல் வளர்ந்து, வலுவிழக்கும். 15 முதல் 18 டிகிரி வரை பொருத்தமானது. சூடான அறையில் ஒரு வாரம் கிடந்த முட்டைகளை எவ்வளவு துல்லியமான இன்குபேட்டரில் வைத்தாலும், முதல் மூன்று நாட்களில் கரு இறந்து இரத்த வளையத்தோடு நின்றுவிடும் முட்டைகள் அதிகமாகவே இருக்கும். அந்த இழப்பை நான் வெகுநாள், பெட்டியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மேல் சுமத்திக்கொண்டிருந்தேன்.

இன்று இந்த அடையின் 16ஆம் நாள். காலையில் ஐந்து இடங்களில் முட்டைகளின் இடுப்பை அளந்தேன்: நடுத்தட்டில் 38.3, ஓரங்களில் 37.9. தெர்மோஸ்டாட்டை 37.1க்கு இறக்கி, காற்றுத் துளையை இன்னும் அரைப்பங்கு திறந்து, நடுத்தட்டு முட்டைகளை ஓரத்துக்கும் ஓர முட்டைகளை நடுவுக்கும் மாற்றினேன். மாலையில் மீண்டும் அளந்தபோது நடுவில் 37.9. முகப்பில் எரியும் எண்ணின் மேல் சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி மறைத்துவிட்டேன்.